நாய்க்கு கணையத்தில் பிரச்னையா? நெய் இட்லி வேண்டாம்... வேறு என்ன கொடுக்கலாம்?

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி என்றாலே நெய், மிளகு, சீரகம், சுக்கு மணம்தான். வீட்டில் செய்து மிச்சமானால் வளர்ப்பு நாய்க்கும் ஒரு துண்டு போகும். ஞாயிற்றுக்கிழமை என்றால் மட்டன் கொழுப்பு, கோழித்தோல். "ரெண்டு வாய்தானே, என்ன ஆகிடும்?" என்பார்கள். கணைய அழற்சி வந்து தேறிய நாய்க்கு அந்த ரெண்டு வாயே மறுபடி ட்ரிப்ஸ் ஏற்றும் நிலையைக் கொண்டுவந்துவிடலாம்.

கணையம் சுரக்கும் என்சைம்கள் குடலுக்குப் போன பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். அழற்சி வரும்போது அவை கணையத்துக்குள்ளேயே தொடங்கி, அந்த உறுப்பையே அரிக்கின்றன. வாந்தி, சாப்பாட்டைத் தொடாமல் இருப்பது, சோர்வு ஆகியவை அறிகுறிகள். சில நாய்கள் முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் அழுத்தி, பின்பக்கத்தை மட்டும் தூக்கி நிற்கும். சோம்பல் முறிக்கிறது என்று விட்டுவிட வேண்டாம். திரும்பத் திரும்பச் செய்தால் அது வயிற்று வலி.

பட்டினி போடணுமா?

முன்பெல்லாம் இரண்டு, மூன்று நாள் பட்டினி போடச் சொல்வார்கள். இப்போது வாந்தி கட்டுப்பட்டதும் சீக்கிரமே கொஞ்சமாக உணவு தொடங்குவதுதான் வழக்கம். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை எண்ணெய், உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, குழைந்த சோற்றுடன் பிசைந்து கொடுக்கலாம். வெந்த தண்ணீரை ஃப்ரிட்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே உறையும். அதை எடுத்துவிட்டுச் சேர்க்கலாம். ஒரே வேளையாகக் கொட்டாமல் நான்கு முதல் ஆறு வேளையாகப் பிரிக்க வேண்டும். பிரியாணி கூடவே கூடாது. கொழுப்பு மட்டுமல்ல, அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும்.

கோழியும் சோறும் சில நாளைக்குத்தான். மாதக்கணக்கில் அதையே போட்டால் கால்சியம் உள்ளிட்ட சத்துகள் குறையும்.

கடையில் வாங்கும் உணவில் ஒரு கணக்கு இருக்கிறது. டின்னில் 'கொழுப்பு 4%' என்று பார்த்து ஏமாறக் கூடாது. அதில் 80% தண்ணீர் என்றால், மீதியுள்ள 20 பங்கில் 4 பங்கு கொழுப்பு. அதாவது உலர் எடையில் 20%. இந்த நாய்களுக்கு அது அதிகம். உலர் எடையில் சுமார் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது.

நிறைய தின்றும் இளைக்கிறதா?

இது வேறு நோய். அல்சேஷன் எனப்படும் ஜெர்மன் ஷெப்பர்டில் அதிகம். இங்கே கணையம் என்சைமே போதுமான அளவு சுரப்பதில்லை. நாய் அகோரப் பசியுடன் தின்னும். எலும்பும் தோலுமாக ஆகும். மலம் வெளுத்து, எண்ணெய்ப் பசையுடன் நிறைய போகும். இதற்குக் கொழுப்பை ஒரேயடியாகக் குறைத்தால் நாய் இன்னும் மெலியலாம். ஒவ்வொரு வேளையும் உணவில் என்சைம் பவுடர் கலக்க வேண்டும், அதுவும் ஆயுள் முழுக்க. பல நாய்களுக்கு பி12 ஊசியும் தேவைப்படும்.

பவுடருக்குப் பதில் ஆட்டின் பச்சைக் கணையத்தைக் கொடுக்கும் வழியும் உண்டு. ஆனால் கறிக்கடையில் கேட்டால் சுவரொட்டியை எடுத்துக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. அது மண்ணீரல், இதற்குப் பயன்படாது. பச்சை உறுப்பில் கிருமி ஆபத்தும் இருப்பதால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

எது எந்த நோய் என்பது ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும்தான் தெரியும். உள்ளூர் கால்நடை மருத்துவர் மேல் பரிசோதனைக்கு அனுப்பினால், 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 75 கி.மீ.

இன்சுலினும் கணையத்தில்தான் சுரக்கிறது. 1921-ல் டொரோன்டோவில் அதைக் கண்டுபிடித்ததே நாய்களின் கணையத்தை வைத்துத்தான். அதனால் அழற்சி அடிக்கடி வந்த நாய் திடீரென்று நிறைய தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்தால் சர்க்கரை அளவையும் பார்த்துவிட வேண்டும்.