கூரையும் திரளும்: கேலிக் மொழிகளின் குடும்பச் சொல்

ஐரிய மொழியில் குடும்பத்தைக் குறிக்க இன்று வழங்கும் 'டைலக்' என்னும் சொல் குருதியுறவைச் சுட்டும் வேரிலிருந்து பிறந்ததன்று. ஸ்காட்லாந்து கேலிக் மொழியும் இதனை அதே எழுத்து வடிவில் ஆள்கிறது. இதன் பழைய ஐரிய வடிவமான 'தெக்லக்', வீட்டைக் குறிக்கும் 'தெக்', திரளைக் குறிக்கும் 'ஸ்லூவக்' என்னும் இரு சொற்களின் தொகையாகும்.

முதற்கூறு 'மூடு' எனப் பொருள்படும் இந்தோ-ஐரோப்பிய வேரினது. கூரையைக் குறிக்கும் கிரேக்க 'ஸ்தெகொஸ்', ஜெர்மன் 'டாக்' ஆகியன அதன் இனச்சொற்கள். மாங்க்ஸ் மொழியில் வீட்டைச் சுட்டும் 'தை' என்பதும் இவ்வழி வந்ததே. இரண்டாம் கூறு படைத்திரளையும் குறித்தது. போர்முழக்கத்தைச் சுட்டிய ஸ்காட்லாந்து கேலிக் சொல்லொன்று அதனை முதலாகக் கொண்டது. அதுவே ஆங்கிலத்தில் 'ஸ்லோகன்' எனத் திரிந்தது.

எனவே 'தெக்லக்' என்பது ஒரு கூரையின்கீழ் வாழும் திரளையும், தலைவனைச் சூழ்ந்த பரிவாரத்தையும் குறித்தது. குருதிவழி உறவினருக்குப் பழைய ஐரியச் சட்டநூல்கள் 'ஃபினெ' என்னும் வேறு சொல்லையே ஆண்டன.

இதனோடு ஒத்த வேல்ஸ் மொழிச் சொல்லான 'தெய்லு' இக்கருத்தை உறுதிசெய்கிறது. இன்று குடும்பம் எனப் பொருள்படும் அச்சொல், இடைக்காலத்தில் அரசனின் மெய்க்காவற்படையைக் குறித்தது. இன்று குடும்பத்தலைவரைச் சுட்டும் 'பென்தெய்லு', வேல்ஸ் சட்டநூல்களில் அப்படையின் தலைவனுக்குரிய பெயராகும்.

ஆகவே, இடைக்காலப் பனுவல்களில் வரும் இச்சொற்களை இடம் நோக்காது 'குடும்பம்' எனப் பெயர்த்தால், தலைவனின் மனையில் உண்டு உறைந்த வீரரும் ஏவலரும் வரலாற்றிலிருந்து மறைந்துவிடுவர்.