கல்யாண கேசட் முதல் கல்யாண சி.டி. வரை

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்து வீடுகளில் பீரோவைத் துழாவினால், துணிகளுக்கு அடியில் ஒரு கல்யாண சி.டி. அகப்படும். மேலே மார்க்கர் பேனாவில் பெண், மாப்பிள்ளை பெயரும் தேதியும். போட்டுப் பார்க்கத்தான் பிளேயர் இருக்காது!

கதை கேசட்டில் தொடங்குகிறது. ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். கேசட்டை 1976-ல் கொண்டுவந்தது. கல்வராயன் மலை ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து அரசிடம் வந்ததும் அதே 1976-ல்தான். தற்செயல்தான், ஆனாலும் கவனிக்க வேண்டியது. அந்த மலையில் வாழும் மலையாளிகளை (கேரளத்து மலையாளிகள் அல்ல) பற்றி அதற்கு முன் எழுதியவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள். 1909-ல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகள் ஓர் உதாரணம். மலையோ சமவெளியோ, சாதாரண மக்கள் தாங்களே காசு கொடுத்து, தங்கள் இஷ்டப்படி எடுக்கச் சொன்ன படம் என்றால் அது கல்யாண வீடியோ. மேடை ஏறிய ஒவ்வொரு உறவுக்காரரின் முகமும் அதில் உண்டு. ஊர்ப் பெயர்கூட ஆவணம்தான்: 1993-க்கு முந்தைய கேசட்டில் தென்னாற்காடு, பிறகு விழுப்புரம், 2019-க்குப் பிறகுதான் கள்ளக்குறிச்சி மாவட்டம்.

கேசட்டில் ஒரு தொல்லை. நகலுக்கு நகல் எடுத்தால் முகம் மங்கிவிடும். 1993-ல் வந்த வி.சி.டி.யை எத்தனை நகல் எடுத்தாலும் படம் மாறாது. ஆனால் ஒரு வட்டில் 74 நிமிடம்தான். மூன்று மணி நேரக் கேசட் மூன்று வட்டானது. முகூர்த்தம் இரண்டாவது சி.டி.யில் மாட்டிக்கொள்ளும்!

சி.டி. போடுவது என்றால் ஃபைலைக் காப்பி செய்வது என்று நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் பழைய பிளேயர் திரும்பிக்கூடப் பார்க்காது. முதலில் கேசட்டை ஓடவிட்டு, கேப்சர் கார்டு வழியாகக் கணினியில் ஏற்ற வேண்டும். அடுத்து எம்பெக்-1 ஆகச் சுருக்க வேண்டும். படம் 352க்கு 288 புள்ளிகள்தான். பிறகு வி.சி.டி. விதிப்படியான ஃபோல்டர்களில் அடுக்கி எரிக்க வேண்டும். எரிப்பதற்குப் பலரும் வைத்திருந்தது 1997-ல் ஜெர்மனியிலிருந்து வந்த நீரோ பர்னிங் ரோம். ரோம் எரிந்தபோது பிடில் வாசித்ததாகக் கதை சொல்லப்படும் மன்னன் பெயரை வைத்தவர் குசும்புக்காரர்தான்.

டி.வி.டி. வந்ததும் வேலை கூடியது. யூலீட், அடோபி என்கோர் போன்ற மென்பொருள்களில் மெனு செய்யலாம். நலங்கு, தாலி கட்டு, ரிசப்ஷன் என்று அத்தியாயம் பிரிக்கலாம். கேசட் காலத்தில் குடும்பமே உட்கார்ந்து முழுசாகப் பார்த்தது. மெனு வந்ததும் நேராகத் தாலி கட்டுக்குத் தாவினார்கள். பந்தியில் சாப்பிட்ட தாத்தாவை யாரும் பார்க்கவில்லை.

விலையும் ஒரு காரணம். நொய்டாவின் மோசர் பேயர் நிறுவனம் வெற்று வட்டுகளைக் குவித்தது. 2007 வாக்கில் சினிமா வி.சி.டி.யையே 28 ரூபாய்க்கு விற்றது. 2006 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. அந்த 14 அங்குலத் திரையில் 352க்கு 288 படம் கண்ணுக்குக் குறையாகத் தெரியவில்லை. இன்றைய 43 அங்குல டி.வி.யில் அதே படம் கட்டம் கட்டமாக உடைகிறது.

இங்கேதான் உண்மையான இழப்பு. மினி டி.வி. கேமரா ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. பதிவு செய்தது. வி.சி.டி.க்கு வந்தபோது அதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் மிஞ்சியது. 40 ஜி.பி. ஹார்டு டிஸ்க் வைத்திருந்த ஸ்டூடியோ மூலத்தை எங்கே சேமிக்கும்? அடுத்த கல்யாணத்துக்கு அதே கேசட்டின் மேல் பதிவு செய்வது வழக்கமாக இருந்தது. கணக்குப் பார்த்தால் அது நியாயமும்கூட. ஆக, நகலாகக் கொடுத்த சி.டி.யே பல வீடுகளில் ஒரே மூலமாகிவிட்டது. மோசர் பேயரும் 2018-ல் கலைப்புக்குப் போனது.

எரிக்கும் சி.டி.யில் தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயில், வெப்பம், ஈரம் மூன்றும் அதற்கு ஆகாது. மேல்புறத்தில் ஒட்டிய ஸ்டிக்கரும் ஆகாது. இதில் வி.சி.டி.க்குக் கூடுதல் ஆபத்து. நிறையப் படம் அடைக்க வேண்டும் என்பதற்காக, சாதாரண டேட்டா சி.டி.யில் உள்ள ஒரு பிழை திருத்த அடுக்கை இதில் விட்டுவிட்டார்கள்.

அதற்காகக் கீறல் விழுந்த வட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, யு.எஸ்.பி. டிரைவில் போட்டு ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளால் எடுக்கலாம். வி.சி.டி.யில் கெட்ட இடம் கட்டம் கட்டமாகச் சிதறிக் கடந்துபோகும், மற்றது வரும். டி.வி.டி.யில் மெனு விவரங்களுள்ள ஐ.எஃப்.ஓ. ஃபைல் கெட்டாலும், அதன் நகல் பி.யு.பி. என்ற பெயரில் அதே வட்டில் இருக்கும்.