இளஞ்சிறாரும் மரண தண்டனையும்

குற்றம் நடந்த நாளில் 18 வயது நிரம்பாதவருக்கு இந்தியாவில் மரண தண்டனை கிடையாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 21-ஆவது பிரிவில், விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் தண்டனையையும் சேர்த்தே தடுக்கிறது. 16 முதல் 18 வயதுக்குள் கொடுங்குற்றம் செய்து, பெரியவரைப் போல் விசாரிக்கப்படுபவருக்கும் இது பொருந்தும். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆண்பிள்ளைகளுக்கு எல்லை 16 ஆகவே இருந்தது. 2000-இல்தான் 18 ஆனது.

18-ஐத் தாண்டியவருக்கு இந்தக் காப்பு இல்லை.

ஆகவே உயிர் பிறந்த தேதியில் தொங்குகிறது. வயதுக்குப் பள்ளிச் சான்றே முதல் ஆதாரம். அடுத்தது பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதே எலும்புப் பரிசோதனை. தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொட்டதும் பிள்ளையைச் சேர்த்து, ஜூன் மாதத் தேதி ஒன்றை எழுதிக்கொண்ட பள்ளிகள் தமிழ்நாட்டில் ஏராளம். அப்படி எழுதிய தேதியில் ஓர் உயிர் நிற்பது அச்சமூட்டுவது. தீர்ப்பு முடிந்த பிறகும் வயதுக் கோரிக்கையை எழுப்பலாம் என்ற விதி அதனால்தான் இன்றியமையாதது. 1994-இல் புனேயில் நடந்த கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற ஒருவருக்கு அப்போது வயது 12 என்று ராஜஸ்தான் பள்ளிப் பதிவேடு காட்டியது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது 28 ஆண்டுகள் சிறையில் கழிந்திருந்தன.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இளஞ்சிறாருக்கான மரண தண்டனையை 2005-இல் ஒழித்தது. ஈரானில் அது இன்னும் நீடிக்கிறது.