திருவொற்றியூர்ப் புல்லட்டும் ஒரு சூத்திரமும்

திருவொற்றியூர் என்றதும் தமிழ் படித்தோர் நெஞ்சில் தோன்றுவன தியாகராசர் கோயிலும் பட்டினத்தார் சமாதியும். அவ்வூருக்கு வேறொரு வரலாறும் உண்டு. இந்தியச் சாலைகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஒலித்த புல்லட் மோட்டார் சைக்கிள் உருவான இடம் அது.

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. இராணுவத்திற்கு வண்டி தேவைப்பட்டதே அதன் தூண்டுகோல். முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினர். 1962 அளவில் எல்லாப் பாகங்களும் இங்கேயே உருவாயின. இங்கிலாந்தில் உற்பத்தி நின்ற பின்னும் திருவொற்றியூர் நிற்கவில்லை.

அந்த எஞ்சினுக்கு ஒரே சிலிண்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மி.மீ. நிமிடத்திற்கு 3000 சுற்று சுழன்றால் பிஸ்டன் 6000 முறை திசை திரும்ப வேண்டும். மேல்முனையில் திரும்பும்போது அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 450 மடங்கைத் தாண்டும். புல்லட்டின் உலுக்கல் இதிலிருந்தே பிறக்கிறது. கிராங்கில் எதிரெடை வைத்து இதை முழுதும் அடக்க முயன்றால், மேல்கீழ் உலுக்கல் மறைந்து அதே அளவு உலுக்கல் முன்பின்னாகத் தோன்றும். பாதியளவு சமன்செய்து அமைவதே பழைய வழக்கம்.

எந்திர இயக்கவியலின் முதுநிலைப் பாடம் இதற்கப்பால் தொடங்குகிறது. 1959இல் இதே நகரின் தென்பகுதியில் எழுந்த ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் பயில்வோர் எஞ்சினைத் தனியே நோக்குவதில்லை. சட்டம், கைப்பிடி, ஓட்டுநர் உடல் அனைத்தும் ஒன்றையொன்று ஆட்டும் ஒரே அமைப்பு. 1788இல் லாக்ராஞ்சு நூலாக்கிய முறையில் அவற்றிற்குச் சமன்பாடு எழுதினால், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் கை ஏன் மரத்துப்போகிறது என்பது விளங்கும், அது ஒத்ததிர்வு.

தீர்வும் அக்கணக்கிலேயே உண்டு. மேல்கீழ் விசையொன்றை எதிரெதிராகச் சுழலும் இரு பாதி விசைகளாகப் பிரிக்கலாம். ஒரு பாதியைக் கிராங்கின் எதிரெடை ஏற்கும். மறுபாதியை எதிர்த்திசையில் சுழலும் சமன்தண்டு ஏற்கும். 2020இல் மீட்டியார் வண்டியிலும் 2023இல் புல்லட்டிலும் அத்தண்டு வந்தது.

‘புல்லட்டின் உயிரே போயிற்று’ என்று புலம்பியோரை நாம் அறிவோம். அவர்கள் இரண்டை ஒன்றெனக் கொண்டனர். உலுக்கல் பிஸ்டனின் எடையால் வருவது. ‘டுப் டுப்’ என்னும் ஓசையோ இரு சுற்றுக்கு ஒருமுறை பெட்ரோல் எரிவதால் வருவது. சமன்தண்டு முன்னதைத்தான் அடக்கிற்று. பின்னதன் தாளத்தைத் தொடவில்லை. நாம் நேசித்தது எதை என்று பிரித்தறியக் கற்பித்ததும் அந்தக் கணக்கே.