உள்வாசலைத் தாண்டியவர்கள்

ராணிப்பேட்டையிலிருந்து மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர் என்று வாணியம்பாடி வரையில் பஸ்ஸில் போகிறவன் ஊர்ப் பலகையைப் படிக்க வேண்டியதில்லை, மூக்கே சொல்லிவிடும் என்று எங்கள் பக்கத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பாலாற்றங்கரை நெடுகத் தோல் ஷாப்புகள். ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் ஊறிய தொட்டிகளின் வாடை நூறு வருஷத்துக்கும் மேலாக இந்தப் பள்ளத்தாக்கில் தங்கியிருக்கிறது. தோலை விற்றுப் பணம் சேர்த்தவர்கள் மாடி வீடு கட்டினார்கள். தோலைக் கையால் தொட்டு உரித்து, அலசி, சுரண்டியவர்கள் ஊருக்கு வெளியே குடியிருந்தார்கள். எதைத் தொடுகிறாய், யாரைத் தொடுகிறாய் என்பதை வைத்தே மனிதனுக்கு மதிப்புப் போட்ட சீமை இது.

இதைச் சொல்லிவிட்டுத்தான் நான் சொல்ல வந்த கதையைத் தொடங்க வேண்டும். கதை என்னவோ எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

1890-களின் தொடக்கம். திண்டிவனத்தில் ஒரு பாதிரி டாக்டரின் பங்களா. அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாய்க்கு ஒத்தாசையாக வந்திருக்கிறாள் மகள். 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவள். பெயர் ஐடா ஸ்கடர். பாட்டனார் காலத்திலிருந்து குடும்பமே வைத்தியக் குடும்பம். அவளுக்கோ இந்த வெயிலும் பஞ்சமும் நோயும் வேண்டாம் என்ற முடிவு. சில மாதங்களில் கப்பல் ஏறிவிட வேண்டும் என்றிருக்கிறாள். ஓர் இரவு ஒரு பிராமணர் வாசலில் வந்து நிற்கிறார். மனைவிக்குப் பிரசவ வேதனை, மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள், நீங்கள் வரவேண்டும் என்கிறார். “நான் டாக்டர் அல்ல, என் தந்தை வருவார்” என்கிறாள் அவள். அந்நிய ஆண்பிள்ளை என் மனைவியைப் பார்ப்பதா என்று திரும்பிவிடுகிறார் அவர். அதே இரவில் ஒரு முஸ்லிம் கனவான் வருகிறார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பிறகு மூன்றாவதாக உயர்சாதி இந்து ஒருவர். பொழுது விடிந்ததும் விசாரிக்கிறாள். மூன்று பெண்களும் போய்விட்டார்கள்.

இதிலிருந்து ஐடா ஸ்கடர் டாக்டரானதும், வேலூர் ஆஸ்பத்திரி எழுந்ததும் பாடப் புத்தகம் வரையில் வந்துவிட்ட செய்தி. கதை எழுதிப் பிழைக்கிறவள் என்ற முறையில் எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. இந்தக் கதையின் விளக்கு எப்பொழுதும் பங்களாத் தாழ்வாரத்தில்தான் எரிகிறது. அங்கே நிற்கும் பெண்ணின் மனம் புரண்டதைச் சொல்கிறார்கள். இருட்டில் திரும்பிப் போன அந்த மூன்று கணவன்மார்களின் பின்னே யாரும் போவதில்லை. நான் போய்ப் பார்க்க விரும்புகிறேன். ஆபாசமான கொடியவர்களாகவா அவர்கள் இருந்திருப்பார்கள்? இருக்க முடியாது. மனைவி சாகட்டும் என்று நினைக்கிறவன் நடுநிசியில் வெள்ளைக்காரன் பங்களாக் கதவைத் தட்டமாட்டான். காப்பாற்றத்தான் ஓடி வந்தார்கள். ஆனால் வீட்டின் உள்வாசலில் ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டைத் தாண்டி வேறோர் ஆண் போகலாகாது. உள்ளே கிடந்தவளை யாரும் கேட்கவில்லை. முதலாமவரின் மனைவிக்கு வயது பதினான்கு என்று சொல்வார்கள். கேட்டிருந்தால் அந்தக் குழந்தை என்ன சொல்லியிருக்கும்?

அந்தக் கோட்டை யார் தாண்டலாம்? ஒரே ஒருத்தி தாண்டலாம், மருத்துவச்சி. பெரும்பாலும் நாவிதர் குடியில் பிறந்த கிழவி. பேறு பார்த்துவிட்டால் ஒரு படி அரிசியும் பழம்புடவையும் கிடைக்கும். தீட்டுப்பட்ட உடம்பைத் தொடுகிற கை ஆகையால் அதுவும் தாழ்ந்த கை. அனுபவசாலிகள் அவர்களில் பலர் இருந்தார்கள். எத்தனையோ உயிர்களை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள். ஆனால் உடம்பு முதிராத சிறு பெண்ணின் வயிற்றில் குழந்தை குறுக்கே திரும்பிக்கொண்டால் அந்தக் கை என்ன செய்யும்? அதற்கு அறுவையும் ஆயுதமும் வேண்டும். ஆயுதம் ஆண்பிள்ளை டாக்டரிடம் இருந்தது. உள்ளே போகும் உரிமை படிக்காத கிழவியிடம் இருந்தது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் பெண்கள் செத்தார்கள்.

சென்னையில் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவரான மேரி ஷார்லிப் என்ற ஆங்கில மாதின் முயற்சியால் 1885-இல் ஓர் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. விக்டோரியா மகாராணியின் பெயரால், ‘சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான ஆஸ்பத்திரி’ என்று அதற்குப் பெயர். திருவல்லிக்கேணிக்காரர்களைக் கேட்டால் இன்றைக்கும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றுதான் வழி சொல்வார்கள். அந்தப் பெயரைப் பாருங்கள்! சாதியையும் முக்காட்டையும் ஒழித்துவிட்டு வா என்று அது சொல்லவில்லை. இரண்டையும் கட்டிக்கொண்டே வா, வைத்தியம் பார்க்கிறோம் என்று சொல்லிற்று. சீர்திருத்தக்காரர்களுக்கு இது பிடிக்காமல் இருக்கலாம். எனக்குப் பிடித்திருக்கிறது. முதலில் உயிர் பிழைக்கட்டும்.

படிக்க முன்வந்த நம் பெண்களின் பாடு எளிதாக இல்லை. பம்பாய் ராஜதானியிலிருந்து 1878-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தாள் கிருபாபாய் என்ற பதினாறு வயதுப் பெண். முதல் வருஷத்தில் மிக நன்றாகத் தேறினாள். உடம்பு இடம் கொடாமல் படிப்பை விட்டாள். பிற்பாடு ஆங்கிலத்தில் இரண்டு நாவல்கள் எழுதினாள். இரண்டும் வீட்டுக்குள் அடைபட்ட பெண்ணின் மனத்தைப் பற்றியவை. ஆனந்திபாய் ஜோஷி பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் 1886-இல் பட்டம் பெற்று, ஊர் திரும்பிய மறுவருஷமே இருபத்தொரு வயதில் இறந்தாள். அதே கல்லூரியில்தான் பின்னால் ஐடா ஸ்கடரும் படிப்பைத் தொடங்கினார். பிறகு கார்னெலுக்கு மாறி 1899-இல் தேறினார். நம் புதுக்கோட்டை முத்துலட்சுமி, ஆண்கள் கல்லூரியில் திரை மறைவில் உட்கார்ந்து பாடம் கேட்டவர், 1912-இல் டாக்டரானார். இவர்களெல்லாம் ஒற்றை ஒற்றையாக வந்தவர்கள். ஒற்றைப் பெண்ணை ஊர் ‘அதிசயம்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும். கூட்டமாக வந்தால்தான் சங்கடம்.

அந்தச் சங்கடம் வட ஆற்காட்டுக்கு வந்தது 1918-இல்.

அதற்குமுன் பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. 1900-இல் வேலூர் வந்த ஐடா ஒரு சிறிய அறையில் வைத்தியம் தொடங்கினார். கையாளாகக் கிடைத்தவள் சமையற்காரரின் மனைவி. 1902-இல் நாற்பது படுக்கையோடு ஓர் ஆஸ்பத்திரி வந்தது. ஆனால் உள்வாசலுக்குள் கிடந்தவர்கள் நாற்பது படுக்கையைத் தேடியா வருவார்கள்? ஆகவே குடியாத்தம் சாலையில் மாட்டுவண்டியில், பிறகு மோட்டாரில் வாரந்தோறும் மருந்துப் பெட்டியோடு போகத் தொடங்கினார். சாலையோர மரத்தடிகளே ஆஸ்பத்திரி. இன்ன மரம் இன்ன நாள் என்று ஜனங்களுக்குத் தெரியும். முக்காடிட்ட பெண்கள் படுதா கட்டிய வண்டிக்குள்ளிருந்தபடியே கையை மட்டும் நீட்டி நாடி பார்க்கச் சொன்ன காலம். பார்க்கிறவள் பெண் என்று தெரிந்தபின் படுதா கொஞ்சம் விலகும். இந்த ‘கொஞ்சம்’ என்ற சொல்லுக்குள் எத்தனை வீட்டுச் சண்டை அடங்கியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். மாமியாரிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு மரத்தடிக்கு வந்தவள் ஒருத்தியாவது இருந்திருக்கமாட்டாளா? கலகம் என்றால் கொடி பிடித்துத்தான் செய்ய வேண்டுமா என்ன!

ஒருத்தி எத்தனை மரத்தடிக்குப் போக முடியும்? முதலில் 1909-இல் தாதிப் பள்ளி வந்தது. அப்புறம் பெண்களுக்கென்றே வைத்தியப் பள்ளி வேண்டும் என்றார். வடக்கே லுதியானாவில் 1894-இலும் டில்லியில் 1916-இலும் அப்படி ஏற்பட்டிருந்தன. தமிழ்நாட்டில் இல்லை. சென்னை ராஜதானியின் தலைமை வைத்திய அதிகாரிக்கு நம்பிக்கையே இல்லை. பெண்கள் எங்கே வரப்போகிறார்கள் என்பது அவர் எண்ணம். விண்ணப்பங்கள் இடத்துக்கு மிஞ்சி வந்தன. பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. 1918 ஆகஸ்டு 12-ஆம் தேதி பள்ளி திறந்தது. சேர்ந்தவர்கள் 17 பேர். 1922-இல் தேறி வெளியே வந்தவர்கள் 14 பேர்.

பதினேழு பெண்கள்! அந்த வருஷத்தை நினைவில் வையுங்கள். சாரதா சட்டம் வருவதற்கு இன்னும் பதினொரு வருஷம் இருந்தது. உயர்குலத்தில் பெண் பெரியவளாகுமுன் தாலி ஏறிவிட வேண்டும். மற்றக் குலங்களில் அதற்குப் பிறகு அதிக நாள் வீட்டில் வைத்திருக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட காலத்தில் நாலு வருஷம் வீட்டைவிட்டு வெளியூரில் தங்கிப் படிப்பதாவது! படிப்பும் என்ன படிப்பு? பிணத்தை அறுத்துப் பார்க்க வேண்டும். 1836-இல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா என்ற ஆண்பிள்ளை பிணத்தைத் தொட்டு அறுத்ததே பெரும் பரபரப்பு. இங்கே பெண் தொடப்போகிறாள். தேறி வந்தால் செய்யப்போவது பிரசவம் பார்ப்பது. ‘மருத்துவச்சி வேலைக்கா என் பெண்ணைப் பெற்றேன்?’ என்ற கேள்வி எழாத வீடு இருந்திருக்காது. நான் முதலிலேயே தோல் ஷாப்பையும் தொடும் கையையும் சொன்னது இதற்காகத்தான்.

உண்மையை மறைக்கக் கூடாது. வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்கள். திண்டிவனத்தில் கதவைத் தட்டிய மூன்று வீடுகளைப் போன்ற வீடுகள் தங்கள் பெண்களை அனுப்ப இன்னும் நாளாயிற்று. கிறிஸ்தவ வீடுகளில் எதிர்ப்பே இருக்காது என்று நினைத்தால் அது தப்பு. மதம் மாறினவர்கள் சாதியையும் பெண்ணைப் பற்றிய பயத்தையும் ஞானஸ்நானத் தண்ணீரில் கழுவிவிடவில்லை. வாணியம்பாடியில் தோல் வியாபாரிகளின் கொடையால் இஸ்லாமியா கல்லூரி எழுந்ததும் இதற்கு அடுத்த வருஷம், 1919-இல்தான். பெருமைப்படத் தக்க காரியம். ஆனால் அது பையன்களுக்கு.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்களை வெளியே இழுத்தது எது? பெண்ணைப் பெண்தான் தொடலாம் என்ற அதே கட்டுப்பாடு. மூன்று பேரைக் கொன்ற வழக்கம்தான் பதினேழு பேருக்குச் சாவியைக் கொடுத்தது. “ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்கிறீர்களே அப்பா, அப்படியானால் பெண் டாக்டர் வேண்டாமா?” என்று ஒரு பெண் கேட்டால் தகப்பனால் என்ன பதில் சொல்ல முடியும்? மரபோடு நேருக்கு நேர் முட்டியிருந்தால் தோற்றிருப்பார்கள். மரபின் வாயிலிருந்தே வார்த்தையைப் பிடுங்கினார்கள். பள்ளியிலும் விடுதியிலும் பெண்களே. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்குக் கோடு அழியாதது போலவே தோன்றிற்று. ஆனால் கோட்டுக்கு உள்ளே இருந்தவள் கையில் இப்போது கத்தி வந்துவிட்டது.

இந்தச் சாமர்த்தியத்துக்கு விலையும் உண்டு. அவர்கள் பெற்றது பட்டம் அல்ல, எல்.எம்.பி. என்ற சான்றிதழ். 1930-களின் கடைசியில், இனிப் பட்டப் படிப்புத்தான் செல்லும் என்று சென்னை சர்க்கார் உத்தரவு போட்டது. பட்டத்துக்கு ஏற்ற கல்லூரியாக்கப் பெரும் பணமும் படுக்கைகளும் ஆசிரியர்களும் வேண்டும். ஆண்களையும் சேர்த்தால் மற்ற சபைகளின் பணம் வரும். அமெரிக்காவில் கீழ்நாட்டுப் பெண்கள் கல்லூரிகளுக்காகப் பெருநிதி திரட்டிக் கொடுத்த லூசி பீபடி அம்மையார் சீறினார். பெண்களுக்கென்று கொடுத்த காசு அது, ஆண்கள் நுழைந்தால் நாளடைவில் பெண்கள் ஓரத்துக்குப் போவார்கள் என்பது அவர் கட்சி. ஐடாவுக்கு இரண்டு பக்கமும் மனம் இழுத்தது. கடைசியில் கல்லூரி பிழைக்க வேண்டும் என்ற பக்கம் நின்றார். பழைய சிநேகிதம் முறிந்தது. 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு வந்தது, 1947-இல் ஆண்கள் வந்தார்கள். பீபடி அம்மையாரைப் பிடிவாதக்காரி என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு மனம் வரவில்லை. கதவு எத்தனை கஷ்டப்பட்டுத் திறந்தது என்று அறிந்தவர் அவர்.

சென்ற மாசி மாதம் பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண், இருபது வயதிருக்கும். கம்பெனி வேனைத் தவறவிட்டுவிட்டாளாம். பச்சைத் தோல் வியாபாரம் போய், 1980-களுக்குப் பிறகு இந்தப் பக்கமெல்லாம் பூட்ஸ் தொழிற்சாலைகள் பெருகின. தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள்தான். அவளும் அப்படி ஒருத்தி.

“வீட்டில் சுலபமாக விட்டார்களா அம்மா?” என்று கேட்டேன்.

“எங்கக்கா உட்டாங்க! பாட்டி ஒரே ரகள. தோலத் தொட்டுட்டு வந்து அடுப்பாண்ட வரக் கூடாதுன்னுச்சு. இன்னும் குளிச்சிட்டுத்தான் உள்ள போவணும். மாமா பையனுக்குக் கட்டி வெச்சிடலாம்னு வேற பேசினாங்க. ரெண்டு வருசம் போவட்டும்னுட்டேன்.”

“அப்பா ஒப்புக்கொண்டாரா?”

“அப்பாவ ஒரு நாளு கேட்டு வரைக்கும் கூட்டிட்டு வந்து காமிச்சேன்க்கா. லைன் பூராப் பொம்பளைங்கதான்னு பாத்தாரு. சரி போன்னுட்டாரு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தொழிற்சாலை வந்ததும், சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, “வரேன்க்கா” என்று இறங்கிப் போனாள்.