அறுப்பதா, பொறுப்பதா? – தோள் மருத்துவத்தின் வரலாறு

துணை நிற்பதைத் தோள் கொடுத்தல் என்கிறோம். சுமப்பதற்கென்றே இயற்கை படைத்த உறுப்பு தோள் என்பது நம் எண்ணம். உடற்கூறு அறிந்தோர் வேறு சொல்வர். இடுப்பு மூட்டில் எலும்பின் பந்து ஆழ்ந்த கிண்ணத்துள் அமர்ந்திருக்கிறது. தோள்மூட்டிலோ பெரிய பந்து ஒன்று ஆழமற்ற சிறு தட்டின்மேல் நிற்கிறது. அதனை அங்கே பிடித்து நிறுத்துபவை நான்கு சிறு தசைகளும் அவற்றின் நாண்களுமே ஆகும். எத்திசையிலும் சுழலும் உரிமையைப் பெற்ற இம்மூட்டு, அதற்கு விலையாக உறுதியைக் கொடுத்துவிட்டது. ஆகவேதான் நழுவுதல், நாண் கிழிதல், இறுகுதல், தேய்தல் ஆகிய துன்பங்கள் இதற்கு வருகின்றன. அவை வந்தபோதெல்லாம் அறுப்பதா, பொறுப்பதா என்னும் கேள்வியும் உடன் வந்தது. அக்கேள்வியின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

எகிப்து நாட்டின் லக்சர் நகரில் 1862-இல் எட்வின் ஸ்மித் என்னும் அமெரிக்கர் பாப்பிரஸ் சுருள் ஒன்றை விலைக்கு வாங்கினார். ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் படியெடுக்கப்பட்ட மருத்துவ ஏடு அது. 48 நோயாளரின் நிலை அதில் தலை தொடங்கிக் கீழ்நோக்கி வரிசையாகக் கூறப்பட்டுள்ளது. காறையெலும்பு நழுவியதும் முறிந்ததும் அவற்றுள் உண்டு. நோயை ஆய்ந்தபின் மருத்துவன் மூன்று தீர்ப்புகளுள் ஒன்றைச் சொல்லவேண்டும். மருந்து செய்யத்தக்கது என்பது ஒன்று. போராடிப் பார்க்கத்தக்கது என்பது இரண்டாவது. மருந்து செய்யத்தகாதது என்பது மூன்றாவது. செய்யாதிருப்பதும் மருத்துவனின் தீர்ப்புகளுள் ஒன்று என்பதை அவ்வளவு தொல்காலத்திலேயே எழுதி வைத்தார்கள் என்பது வியப்பிற்குரியது.

கிரேக்கத்து ஹிப்போக்ரடீஸின் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூல் தோள் நழுவுதலை விரிவாகப் பேசுகிறது. அடிக்கடி நழுவும் தோளுக்கு அக்குளில் காய்ச்சிய இரும்பால் சூடு போடும் முறை அதில் உள்ளது. எலும்பு நழுவுவது கீழ்ப்பக்கமாயிருக்க, மற்ற மருத்துவர் மேலும் முன்னும் பின்னும் சுடுகிறார்களே என்று நூலாசிரியர் கடிந்துகொள்கிறார். நமக்குக் கருத்தாய்த் தோன்றுவது பிறிதொன்று. சூடு போட்டபின் கையை விலாவோடு சேர்த்துப் பல நாள் கட்டி வைக்கவேண்டும். வடு சுருங்கினால்தான் மூட்டு நிற்கும் என்கிறார். மருத்துவன் கை ஓய்ந்தபின் நோயாளியின் பங்கு தொடங்குகிறது என்னும் அறிவு அங்கே தெளிவாக உள்ளது.

நம் நாட்டுச் சுச்ருதரும் நழுவிய தோளுக்கு வழி கூறினார். அக்குளின்கீழ் உலக்கையை வைத்து உயர்த்தி, மூட்டு தன்னிடம் சேர்ந்தபின் சுவஸ்திக வடிவில் கட்டுப்போடச் சொன்னார். தோளின் கட்டுகள் வறண்டு கை முடங்குவதை அவபாகுகம் என்று பெயரிட்டுத் தனி நோயாக வைத்தார். உலக்கையும் துணியும் வீட்டிலேயே கிடைப்பவை. ஆந்திரத்துப் புத்தூரில் மூங்கில் பட்டை வைத்துக் கட்டும் வைத்தியத்தை நாடிச் சென்ற நம்மவர் எத்தனையோ பேர்.

கத்தி தோளுக்குள் நுழைவதற்கு மயக்க மருந்தும் நோய்க்கிருமியைத் தடுக்கும் முறையும் வரவேண்டியிருந்தது. அவை வந்தது 19-ஆம் நூற்றாண்டில். 1893-இல் பாரிஸ் நகரில் ழூல் எமில் பேயான் என்னும் பெரும் அறுவை மருத்துவரிடம் 37 வயதுடைய ஒருவர் வந்தார். எலும்புருக்கி நோய் தோள்மூட்டை அரித்திருந்தது. கையையே எடுத்துவிடலாம் என்றார் மருத்துவர். நோயாளி இசையவில்லை. அந்த மறுப்பினால் மருத்துவர் வேறு வழி தேட நேர்ந்தது. பல் மருத்துவர் ஒருவர் பிளாட்டினத்தாலும் கெட்டிப்படுத்திய ரப்பராலும் செய்து தந்த செயற்கை மூட்டைப் பேயான் பொருத்தினார். ஏறத்தாழ ஈராண்டு அது வேலை செய்தது. பிறகு சீழ் கொண்டமையால் வெளியே எடுக்கப்பட்டது. தோளுக்குச் செயற்கை மூட்டு என்னும் எண்ணத்தின் பிறப்பில் ஒரு தனிமனிதரின் மறுப்புக்கும் பங்கு உண்டு.

இனி அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் செல்வோம். இவ்வரலாற்றில் நாம் நின்று பார்க்கவேண்டிய மனிதர் அங்கேதான் இருந்தார். எர்னஸ்ட் அமரி காட்மன் என்பது அவர் பெயர். கிழிந்த தோள்நாணைத் தைத்துச் சரிசெய்த செய்தியை 1911-இல் வெளியிட்டவர் அவர். ஆயினும் அவர் வாழ்க்கையைத் திசைதிருப்பியது தையல் அன்று. ஓர் எளிய கேள்வி. அறுவை செய்துகொண்டவர் ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார்? நலமில்லையென்றால் ஏன்? ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சீட்டு வைத்து இதனை எழுதவேண்டும். எழுதியதை உலகிற்குக் காட்டவேண்டும் என்றார். பதவி உயர்வும் வயதின் மூப்பால் அன்றிப் பயனின் சிறப்பால் வரவேண்டும் என்றார். பெரியவர்கள் இதனை விரும்புவார்களா? தாம் பணியாற்றிய பெரிய மருத்துவமனையிலிருந்து 1914-இல் விலகினார். 1915-இல் மருத்துவர் கூட்டமொன்றில், நகரத்துச் செல்வரையும் மருத்துவரையும் கேலி செய்யும் தீக்கோழிச் சித்திரம் ஒன்றைத் திரை விலக்கிக் காட்டினார். அதன்பின் பகை முற்றியது.

பத்துப் படுக்கைகள் சொச்சம் கொண்ட தம் சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை முடித்து அனுப்பிய 337 நோயாளரின் கணக்கைக் காட்மன் அச்சிட்டு வெளியிட்டார். தாம் செய்த பிழைகள் 123 என்று தாமே அதில் எழுதினார். தம் பிழையைத் தாமே எண்ணி அச்சேற்றும் துணிவு எத்தொழிலிலும் அரிது. பிழைக்குப் பிணம் சாட்சி சொல்லக்கூடிய தொழிலில் அதனினும் அரிது. தோள் பற்றிய பெருநூலை 1934-இல் தம் செலவிலேயே வெளியிட்டார். அதன் முகவுரையில் தம் வாழ்க்கைக் கதையையும் சேர்த்துவிட்டார். மூட்டு இறுகும் நோய்க்கு உறைந்த தோள் என்னும் பெயரை வழங்கியதும் அந்நூலே. 1940-இல் அவர் இறந்தார். கல்லறைக்குக் கல் நாட்டப்பட்டது 2014-இல்.

அவருக்குப்பின் அறுவை முறைகள் விரைந்து வளர்ந்தன. திரும்பத் திரும்ப நழுவும் தோளில் கிண்ணத்தின் விளிம்பு கிழிந்திருப்பதையும் அதனைத் தைக்கும் முறையையும் இலண்டனில் பாங்கார்ட் 1923-லேயே எடுத்துரைத்திருந்தார். நியூயார்க்கில் சார்லஸ் நீர் 1950-களில் உலோகப் பந்தைப் பொருத்தினார். பிரான்சின் திஷோன் நகரில் பால் கிராமோன் 1985-இல் பந்தைத் தட்டிடத்திலும் தட்டைப் பந்திடத்திலும் மாற்றி அமைத்தார். நாண்கள் அழிந்துபோன முதியோரும் மேல்தசையின் வலிமையால் கையை உயர்த்த அது வழி செய்தது. சிறு துளையிட்டுக் கருவியால் உள்ளே பார்க்கும் முறையும் பரவியது.

1972-இல் நீர் கூறிய கருத்தொன்று பெரிய கிளை விட்டது. தோளின் கூரையெலும்பு நாணை உரசுகிறது. அதன் அடிப்பாகத்தைச் செதுக்கினால் வலி தீரும் என்பது அது. பல நாடுகளில் ஏராளமானோர்க்கு இவ்வறுவை செய்யப்பட்டது. காட்மனின் கேள்வியை இதற்குக் கேட்கப் பல்லாண்டுகள் ஆயின. இங்கிலாந்தில் 313 பேரை மூன்று குழுவாக்கினர். ஒரு குழுவுக்கு எலும்பைச் செதுக்கினர். ஒரு குழுவுக்குத் துளையிட்டுப் பார்த்ததோடு நிறுத்தினர். ஒரு குழுவுக்கு ஒன்றும் செய்யவில்லை. 2018-இல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, செதுக்கியதற்கும் வெறுமனே பார்த்ததற்கும் வேறுபாடு இல்லை. ஒன்றும் செய்யாதவரைவிட இவர்கள் பெற்ற நன்மையும் பொருட்படுத்தும் அளவினதன்று. பின்லாந்து நாட்டு ஆய்வும் அவ்வாண்டே இதனைப் போன்று உரைத்தது.

எனவே அறுவையே வேண்டாம் எனக் கொள்ளலாமா? அதுவும் பிழை. விழுந்தவுடன் கையைத் தூக்க இயலாது போனவருக்கு நாண் புதிதாக அறுந்திருக்கலாம். அவர் காத்திருந்தால் தசை சுருங்கிக் கொழுப்பாக மாறும். பின்னர்த் தைத்தாலும் பயன் குறைவு. தோள் பலமுறை நழுவும் இளைஞருக்கும் அறுவை நல்ல துணை. உறைந்த தோளோ பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகளில் தானே தளரும். நீரிழிவு உடையார்க்கு அது மிகுதியாக வரும். வயதினால் மெல்லக் கிழிந்த நாண்தான் முடிவு செய்வதற்குக் கடினமானது. அமெரிக்காவில் அத்தகையோர் 452 பேர்க்குப் பயிற்சி மட்டும் கொடுத்தபோது, ஈராண்டுக்குள் அறுவையை நாடியவர் ஏறத்தாழ நான்கில் ஒருவரே. பயிற்சியால் குணமாகும் என்று முதலிலேயே நம்பாதவர்களே பெரும்பாலும் அறுவைக்குச் சென்றார்கள் என்பது சுவையான செய்தி. நார்வே நாட்டில் 103 பேரைப் பத்தாண்டு பின்தொடர்ந்தபோது, தைத்துக்கொண்டவர் நிலை சற்று மேலாக இருந்ததும் உண்மை.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இங்கே ஓர் இடர் உண்டு. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு என்று நாம் பிரித்துச் சொல்லும் வலிகளெல்லாம் இந்தியில் சொல்லும்போது தர்த் என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. இரவில் அந்தப் பக்கம் படுக்க முடிகிறதா, தலை வார முடிகிறதா, எவ்வளவு உயரம் கை எழுகிறது என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்வது நன்று.

நாணைத் தைத்துக்கொண்டவர் நான்கு முதல் ஆறு வாரம் கையைத் தொட்டிலில் தொங்கவிட்டிருக்கவேண்டும். நரம்பை மரக்கச் செய்த மருந்து தெளியும் முதல் இரவில் வலி கடுமையாக எழும். சில வாரம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே உறங்க நேரும். முழங்கை, மணிக்கட்டு, விரல்களைத் தொடக்கத்திலேயே அசைக்கச் சொல்வர். குனிந்து நின்று கையை ஊசல்போல் தொங்கவிட்டு ஆட்டும் பயிற்சி காட்மன் பெயராலேயே வழங்குகிறது. தொடங்கும் நாளை மருத்துவர் சொல்வார். சட்டை அணியும்போது அறுத்த கை முதலில் நுழையவேண்டும். கழற்றும்போது அது கடைசி. தானே கையைத் தூக்குவது ஏறத்தாழ ஆறு வாரத்திற்குப் பின். வலுவூட்டும் பயிற்சி மூன்று மாதத்திற்குப் பின். பளுத் தூக்குவது ஆறு மாதமளவில். முழுப் பயன் தெரிய ஓராண்டு ஆகலாம். தைத்த நாண் மீண்டும் கிழிவதும் உண்டு. பம்பாய் மின்ரயிலில் மேற்பிடியைப் பற்றி நிற்பவர், ஊரிலிருந்து தாயோ தமக்கையோ வந்து தங்கக்கூடிய மாதத்தை முன்னரே பார்த்து, அதற்குத் தக நாள் குறிப்பது வழக்கம். அறுவைக்கு முந்திய நாள் எழுதிய தாளை வைத்திருந்து, ஓராண்டு கழித்து மீண்டும் எழுதி, அறுத்த மருத்துவரிடமே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.