சாந்தோம் கரையில் ஒரு கேபிள்: ரிமோட் வேலையின் 150 வருஷக் கதை

ராத்திரி பத்தரை மணி. மயிலாப்பூர்ல மாட வீதிக்குப் பின்னாடி ஒரு அபார்ட்மென்ட். வீட்ல எல்லாரும் படுத்தாச்சு. ஹால்ல மட்டும் ஒரு லேப்டாப் வெளிச்சம். ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு, மெதுவான குரல்ல ‘குட் மார்னிங்’னு சொல்லி ஒரு இன்ஜினியர் மீட்டிங்ல சேர்றார். சான் பிரான்சிஸ்கோல அப்போ காலை ஒன்பது மணி.

அக்டோபர்ல இதே மீட்டிங் ஒன்பதரைக்கு நடந்தது. நவம்பர்ல அமெரிக்கா தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வச்சுது. நம்ம ஊர்ல எந்தக் கடிகாரத்தையும் யாரும் தொடல. ஆனா இங்க ஒருத்தரோட தூக்கம் ஒரு மணி நேரம் தள்ளிப்போச்சு.

வணக்கம். இன்னிக்கு எபிசோட்ல ரிமோட் வேலையோட வரலாறு. 2020 லாக்டவுன்ல ஆரம்பிச்ச கதைன்னுதான் பொதுவா நினைக்கிறோம். சென்னையைப் பொறுத்தவரைக்கும் இது அதைவிட ரொம்பப் பழசு. கூடவே ஒரு கேள்வியும் வரும்: தூரத்துல இருக்கிறவங்களோட வேலை செய்யும்போது, யார் கடிகாரத்துக்கு யார் ஓடணும்?

முதல்ல 1870க்குப் போவோம். அந்த வருஷம் லண்டனிலிருந்து பம்பாய்க்குக் கடலடித் தந்தி கேபிள் வந்து சேர்ந்தது. அடுத்து, பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் டெலிகிராஃப் கம்பெனி மெட்ராஸிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கேபிள் போட்டது. 1871 தொடக்கத்துல அந்த லைன் வேலை செய்ய ஆரம்பிச்சது. அதாவது லண்டன்ல ஒரு வியாபாரி அனுப்புற செய்தி கடல் வழியா பம்பாய், தரை வழியா மெட்ராஸ், மறுபடி கடல் வழியா சிங்கப்பூர்னு போகும். நடுவுல மெட்ராஸ்ல உட்கார்ந்திருக்கிற சிக்னலர், தான் பார்க்கவே போகாத ரெண்டு பேருக்கு நடுவுல வேலை செஞ்சார். செய்தி எந்த நேரத்துல வந்தாலும் வாங்க ஆள் வேணும். அதனால நைட் டியூட்டியும் உண்டு.

இதுல ஒரு சுவாரஸ்யம் இருக்கு. அப்போ இந்தியா முழுக்க ரயில் ஓடினது மெட்ராஸ் நேரத்துலதான். நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையத்துக்குப் பக்கத்துல ஒரு காலத்துல இருந்த வானாய்வகத்தின் நேரம் அது. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முன்னால. அந்த நேரம் தந்தி வழியாத்தான் மத்த ஊர்களுக்குப் போச்சு. நம்ம ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து நாடே ஓடின காலமும் ஒண்ணு இருந்திருக்கு! 1906 ஜனவரி 1ல இந்திய நேரம் ஐந்தரை மணின்னு முடிவாச்சு. மெட்ராஸ் கடிகாரம் கிட்டத்தட்ட ஒன்பது நிமிஷம் முன்னால நகர்ந்தது.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1908ல, தந்தி சிக்னலர்கள் ஸ்ட்ரைக் பண்ணாங்க. இந்தியாவிலும் பர்மாவிலும் பரவின போராட்டம் அது. முக்கியமான கோபம், நிர்வாகம் கொண்டுவந்த புது வேலை நேர முறை மேல. ஒருத்தரையொருத்தர் நேர்ல பார்க்காத ஆட்கள், வேலை செய்யற அதே தந்திக் கம்பியிலேயே பேசி ஒண்ணு சேர்ந்தாங்க. இன்னிக்கு ஆபீஸ் சாட்ல தனியா ஒரு க்ரூப் ஆரம்பிக்கிற மாதிரிதான். சம்பளத்தோட சேர்த்து அவங்க சண்டை போட்டது நேரத்துக்காக. இதை மனசுல வச்சுக்கோங்க.

இப்போ சாஃப்ட்வேர் காலத்துக்கு வருவோம். எழுபது, எண்பதுகள்ல கோடை அனுப்ப லைன் கிடையாது. அதனால ஆளையே அனுப்பினாங்க. அடையாறு, தி. நகர் வீடுகள்ல ‘பையன் ஆன்சைட்ல இருக்கான்’ங்கிற வாக்கியம் அப்படி வந்ததுதான். 1985ல டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூர்ல மையம் தொடங்கி, சாட்டிலைட் வழியா அமெரிக்காவோட இணைஞ்சது. ஆள் இங்கேயே இருக்கலாம், வேலை மட்டும் போகும்னு தெரிஞ்சது.

1995 ஆகஸ்ட் 15ல விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது. முதல் ஊர்கள்ல மெட்ராஸும் ஒண்ணு. டயல்-அப் வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். ஒரு எம்பி ஃபைல் இறங்கவே கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் வீட்டு போன் எங்கேஜ்ட்.

பெரிய மாற்றம் 2002ல. பார்த்தியும் சிங்டெல்லும் சேர்ந்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல ஐ2ஐ கேபிளைப் போட்டாங்க. நீளம் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல. 1871ல போன அதே திசை! அந்த கேபிள் கரையேறுற ஸ்டேஷன் சாந்தோம் நெடுஞ்சாலையில இருக்கு. மயிலாப்பூர்லேர்ந்து நடந்தே போயிடலாம்.

அதுக்கப்புறம் இன்னொரு திருப்பம். 2010ல கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் சென்னையில ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கினாங்க. அவங்களோட முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவுல ஒரு பள்ளிக்கூடம். அதுவரைக்கும் முதலாளி தூரத்துல, இன்ஜினியர் இங்க. இப்போ கம்பெனியே இங்க, வாடிக்கையாளர்தான் தூரத்துல. 2021ல அந்த கம்பெனி நாஸ்டாக்ல பட்டியலாச்சு. ஆனா கஸ்டமர் முழிச்சிருக்கிற நேரத்துல இங்கேயும் யாராவது முழிச்சிருக்கணும்ங்கிறது மட்டும் மாறல.

தூரம் ஒழிஞ்சிடுச்சுன்னு நினைச்சப்போ, 2016 டிசம்பர் 12ல வர்தா புயல் வந்தது. மரம் விழுந்தது, கரண்ட் போச்சு. அதோட கடலடி கேபிள் ஒண்ணும் சேதமாச்சு. நெட் வேகம் குறைஞ்சதுக்கு அதுதான் காரணம்னு ஏர்டெல் சொன்னது. ‘கிளவுட்’னு நாம சொல்றதும் கடைசியில நம்ம கடற்கரை மணலுக்கு அடியில போற கம்பிதான்.

2020 மார்ச்ல லாக்டவுன். அதுக்கு முன்னாடி பிபிஓ மாதிரி நிறுவனங்கள் ஊழியரை வீட்லேர்ந்து வேலை செய்ய விடறதுக்கு வங்கி உத்தரவாதம் உட்பட நிறைய நிபந்தனைகள் இருந்தன. அந்த வருஷம் நவம்பர் 5ல மத்திய அரசு அந்த விதிகளைத் தளர்த்தியது. வேலை சட்டப்படியே ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் வந்துடுச்சு.

150 வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தா ஒண்ணு தெரியுது. ஒவ்வொரு புது கம்பியும் தூரத்தைக் குறைச்சது. ஆனா பூமி சுத்தறதை எந்தக் கம்பியாலும் மாத்த முடியாது. ஒரு பக்கம் பகல்னா இன்னொரு பக்கம் ராத்திரி. அந்த ராத்திரியை யார் சுமக்கிறதுங்கிறதை முடிவு பண்றது டெக்னாலஜி இல்ல, மனுஷங்க. பணம் எந்தப் பக்கம் இருக்கோ, கடிகாரமும் பெரும்பாலும் அந்தப் பக்கம்.

மனுஷங்க முடிவு பண்றதுன்னா, மாத்திப் பேசவும் முடியும். ஒரு வாரம் அவங்க காலையில, அடுத்த வாரம் நம்ம காலையில மீட்டிங் வைக்கலாம். எழுதி அனுப்பினாலே போதும்ங்கிற விஷயத்துக்கு மீட்டிங்கே வேண்டாம்னு சொல்லலாம். கேட்கிறதுல தப்பில்ல. 1908ல வெறும் தந்திக் கம்பியை வச்சுக்கிட்டே கேட்டிருக்காங்க.

உங்க டீம் மீட்டிங் யார் நேரத்துக்கு நடக்குது? எழுதி அனுப்புங்க. முடிஞ்சா பகல்ல. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.